தன்லியின் வரப்பு நடையும், போய்ச் சேராத பீர் ஸ்டேஷனும்

யாங்கோனில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்று கேட்டு மாதம் இரண்டு மூன்று மின்னஞ்சலாவது எனக்கு வருகிறது. பெரும்பாலும் திருப்பூர், கரூர் பக்கத்திலிருந்து இங்கே ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு வரப்போகிறவர்கள். முதல் ஞாயிறு ஷ்வேடகோன் பகோடாவைப் பார்த்துவிடுவீர்கள். இரண்டாவது ஞாயிறு சுற்று ரயிலில் ஏறி இன்சீன் வழியாக ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவீர்கள். மூன்றாவது ஞாயிறு அறைக்குள் உட்கார்ந்து, மின்சாரம் எப்போது வரும் என்று விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான்காவது ஞாயிறுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் இங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். வயது நாற்பத்து மூன்று. வந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. தொழிற்சாலையில் அது நல்ல குணம். ஒரு நாளைக்கு இருபது தடவை தையல் வரிசைகளுக்கு நடுவே நடக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்காவது மாடி அறைக்குள் அதே குணம் ஆளைத் தின்னும். பாத்திரம் கழுவுவேன், கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் காகிதம், பேனா, நோட்டுப் புத்தகம் விற்கும் கடை ஒன்று உண்டு. அதை நடத்துபவர் மா தெய்வா. ‘மா’ என்பது இங்கே பெண்கள் பெயருக்கு முன் சேர்க்கும் மரியாதைச் சொல்; ஆண்களுக்கு வயதைப் பொறுத்து ‘கோ’ அல்லது ‘ஊ’. மா தெய்வாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான்கு தலைமுறையாக யாங்கோன்காரர். அவர் கடையில் லேபிள் வாங்கப் போனபோது, ‘சும்மா நிக்காம கடைக்குள்ளயே நடந்துக்கிட்டே இருக்கீங்களே, ஞாயித்துக்கெழமை எங்ககூட நடக்க வாங்களேன்’ என்று கூப்பிட்டார். அப்படித்தான் சேர்ந்தேன்.

ஏற்பாடு எளிது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் கடை வாசல். ஐந்து முதல் எட்டுப் பேர் வரை சேருவார்கள். நகரத்தைச் சுற்றி எங்காவது எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. முடிந்ததும் அருகிலிருக்கும் பீர் ஸ்டேஷனில் மதிய உணவு. பீர் ஸ்டேஷன் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். குடும்பத்தோடு போய் உட்காரும் திறந்தவெளிக் கடைதான் அது. குடிக்கிறவர்கள் குடிப்பார்கள், நான் எலுமிச்சைச் சாறு. சுட்ட மீன், தக்காளி அத்தோ, பூண்டு போட்டு வதக்கிய கீரை, ஒரு தட்டுச் சோறு. சென்னையில் சாப்பிட்ட அத்தோவை இங்கே தேடாதீர்கள். இங்கே கையால் பிசைந்து கொடுக்கும் எல்லாமே அத்தோதான்.

நவம்பர் கடைசி வாரம், பாகோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ‘தன்லியின்’ என்ற ஊர் என்று முடிவானது. மழை விட்டுப் போய், காலையில் போர்வை தேடும் பருவம். அந்த வாரம் எனக்குக் கூடுதலாக ஒரு குடைச்சல். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் இருக்கிறேனா, ஊருக்குத் திரும்புகிறேனா என்று திருப்பூர் அலுவலகம் கேட்டிருந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேலாளர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். (ஞாயிற்றுக்கிழமை ஏன் கூப்பிடுகிறார் என்று கேட்பவர்கள் திருப்பூரில் வேலை பார்த்ததில்லை.) என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இருக்கலாம் என்று காலையில் தோன்றும். போய்விடலாம் என்று மாலையில் தோன்றும்.

அன்றைக்கு ஆறு பேர். மா தெய்வா, நான், இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஊ ராஜூ, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பர்மியத் தம்பதி, பிறகு கோ பாலு. பாலுவுக்கு முப்பத்தோரு வயது. மா தெய்வாவின் கடைக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கிறார். தமிழ் நன்றாகப் புரியும்; பேசும்போது பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவார். பினாங்கில் இருக்கும் அவருடைய அண்ணன் வேலைக்குக் கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிறது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்த பிறகு அவர் வயது ஆண்கள் வெளிநாடு போவது எளிதில்லை. அனுமதிக் காகிதம் வரும் வரும் என்று காத்திருக்கிறார். அவரும் என்னைப் போலத்தான். மற்றவர்கள் மூச்சு வாங்க நின்றால் நாங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்போம்.

6.20க்குப் பேருந்து. ஆளுக்கு 600 கியாட். பாகோ ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். அதில் பதினைந்து நிமிடம் போயிற்று. பாலு அந்தப் பதினைந்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி பாலத்தில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். 7.40க்குக் கியைக்காவ் பகோடா குன்றின் அடிவாரத்தில் இறங்கினோம். அங்கே தேநீர்க் கடையில் மொகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், ஒரு கிண்ணம் 2,500 கியாட். ஊ ராஜூ இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நான் அரைக் கிண்ணத்தோடு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

பாதை இதுதான். பகோடாவுக்குப் பின்பக்கம் செம்மண் வண்டிப் பாதை ஒன்று இறங்குகிறது. ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு தாமரைக் குளம். குளத்தின் இடப்பக்கம் திரும்பினால் வண்டிப் பாதை தொடரும். மூன்று கிராமங்களைச் சுற்றி மொத்தம் பதினோரு கிலோமீட்டரில் கியாவ்தான் போகும் தார்ச்சாலையைத் தொடலாம். பீர் ஸ்டேஷன் அந்தச் சாலையில்தான். வழியெல்லாம் இருபுறமும் நெல் வயல். பூர்விகத்தில் தமிழர்களான நிறையப் பேர் இந்த ஊர்களில் விவசாயம் பார்க்கிறார்கள். வேப்ப மரத்தடியில் திடீரென்று ஒரு முனீஸ்வரர் சூலம் கண்ணில் படும்.

எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி. கையில் மூங்கில் கம்போடு மா தெய்வா முன்னால் போவார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. அன்றைக்கு ஊ ராஜூவுக்கு முட்டி வலி. மா தெய்வா அவரோடு பேசிக்கொண்டே மெதுவாக வந்தார். தம்பதியர் படம் எடுத்துக்கொண்டு இன்னும் பின்னால். குளத்தடிக்கு வரும்போது 8.30. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் பீர் ஸ்டேஷன் சேர மதியம் ஒரு மணி ஆகிவிடும். ஊ ராஜூவின் சிரிப்பையும் கண்ணாடிக் குவளைச் சத்தத்தையும் பின்னால் வைத்துக்கொண்டு மேலாளரிடம் பேச முடியாது. அதற்கு முன் தனியாக அரை மணி நேரமாவது யோசிக்க வேண்டும்.

வண்டிப் பாதைக்குக் குறுக்கே, அறுத்துப் போட்டிருந்த வயல் வழியாக ஒரு வரப்பு நேராகப் போனது. அந்தப் பக்கம் கிராமத்துத் தகரக் கூரை பளபளத்தது.

“பாலு, இப்படிப் போனா அரை மணி நேரம் மிச்சமாகுமுங்க,” என்றேன்.

பாலு பின்னால் திரும்பிப் பார்த்தார். “மா தெய்வா திட்டுவாங்களே அக்கா.”

“அங்க போய் நின்னுக்கலாம். வர்றப்ப வரட்டும்.”

அவர் சிரித்தார். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். நான் முன்னால் இறங்கினேன். வரப்பில் ஒரு நூறு மீட்டர் நடந்திருப்போம். ஓர் இடத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் போயிருந்தது. அதைத் தாண்ட வயலுக்குள் இறங்கி, அறுத்துக் குவித்திருந்த கதிர்களை ஒட்டிப் போனேன். நான் கால் வைத்த இடத்தில்தான் பாலுவும் வைத்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ‘ஆ’ என்றார். முள் குத்தினால் சொல்வது போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். கதிருக்கு அடியில் பழுப்பு நிறத்தில், சங்கிலி வளையம் போட்ட உடம்பு ஒன்று அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. நேரம் 8.45. எப்படி இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அந்த நொடியில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“ம்வே-புவே,” என்றார் பாலு. கண்ணாடி விரியனுக்கு இங்கே அதுதான் பெயர். வலது கணுக்காலின் வெளிப்பக்கம் இரண்டு புள்ளி. ஒன்றிலிருந்து ரத்தம் மெல்ல இறங்கியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இரண்டு வயல் தள்ளிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அதில் ஒருவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், முகத்தில் மரப்பட்டை அரைத்துப் பூசும் தனக்கா பூச்சு. என் கத்தலிலேயே தமிழ் என்று தெரிந்திருக்க வேண்டும். வரும்போதே தமிழில் பேசிக்கொண்டு வந்தார்.

“நிக்காதீங்க, படுங்க, படுங்க! கால ஆட்டாதீங்க கோ!”

அவர் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். பாலுவை வரப்பின் மேல் படுக்க வைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றி, நாலாக மடித்து, கடித்த இடத்தின் மேல் வைத்து, இன்னொரு துணியால் கட்டினார். அதற்குள் மா தெய்வாவும் ஊ ராஜூவும் வந்துவிட்டார்கள். ஊ ராஜூ இடுப்பு பெல்ட்டை உருவி முட்டிக்கு மேலே இறுக்கப் போனார்.

“அத வைங்க அண்ணே,” என்று அஞ்சலை அவர் கையைத் தட்டிவிட்டார். “அப்படிக் கட்டித்தான் எங்க சித்தப்பனுக்குக் காலே போச்சு. அமுக்கி வச்சா போதும். ஆட்டக் கூடாது, அவ்வளவுதான்.”

மா தெய்வாவின் மூங்கில் கம்பைக் காலோடு சேர்த்து வைத்துக் கட்டினார். வங்கிக்காரர் பாம்பை அடிக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு கதிர்க் குவியலை நெருங்கினார். “பாம்ப விடுங்க, ஆளப் பாருங்க!” என்று அஞ்சலை போட்ட அதட்டலில் அவர் பின்வாங்கினார்.

நான் வண்டி பிடிக்க ஓடுகிறேன் என்றேன். எந்தத் திசை என்று தெரியாமலேயே இரண்டடி ஓடவும் செய்தேன்.

“நீங்க ஓடாதீங்க. எங்க வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டு வர்றாரு, சொல்லி அனுப்பிட்டேன். நீங்க இவரு பக்கத்துல உக்காந்து தோளப் புடிச்சுக்கோங்க. எந்திரிக்கப் பாப்பாரு. விடாதீங்க.”

உட்கார்ந்தேன். பாலுவின் தோள் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ‘வீட்டுக்குச் சொல்லாதீங்க, மீனா பயப்படும்’ என்று மனைவியை நினைத்து, தமிழும் பர்மிய மொழியும் கலந்து திரும்பத் திரும்பச் சொன்னார். பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் என் முழங்காலுக்குக் கீழே ஈர மண், என் கைக்குக் கீழே அவர் தோள். எழுந்து நடக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அசையாமல் இருந்தேன்.

அஞ்சலையின் கணவர் தோலாஜியோடு வந்தார். கையால் பிடித்து ஓட்டும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் மரப் பெட்டி பூட்டிய வண்டி அது. இந்தப் பக்கத்து வயல்களில் நெல்லும் ஆளும் அதில்தான் போவார்கள். வைக்கோல் பரப்பி, அவர் கொண்டுவந்த பலகையில் பாலுவைக் கிடத்தி, பலகையோடு தூக்கி வைத்தோம். மா தெய்வாவும் நானும் ஏறினோம். தார்ச்சாலை வரை 2.3 கிலோமீட்டர், குண்டும் குழியும். அங்கே மா தெய்வா ஒரு பழக்கூடை வேனை மறித்து நிறுத்தினார். ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. கூடைகளைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு, கதவைத் திறந்தார். ஆறு கிலோமீட்டரில் மருத்துவமனை. போய்ச் சேர்ந்தபோது 9.42.

பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். பாலுவின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை மேல் நிறுத்தி வைத்தார். “இருபது நிமிடம். யாரும் இதைத் தொடாதீர்கள், மேசையையும் தட்டாதீர்கள். ரத்தம் உறைந்தால் விஷம் ஏறவில்லை. உறையாவிட்டால் ஏறியிருக்கிறது,” என்று மா தெய்வாவிடம் பர்மிய மொழியில் சொன்னார். மா தெய்வா எனக்குத் தமிழில் சொன்னார்.

இருபது நிமிடம் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று யாருக்கும் விளக்க முடியாது. வராந்தாவில் நடக்கலாம் என்றால், என் காலடி அதிர்வில் குழாய் அசைந்துவிடுமோ என்று பயம். சுவரில் சாய்ந்து நின்றேன். சிவப்பு அப்படியே இருந்தது. உறைகிறது என்று ஒரு தடவை தோன்றியது. இல்லை என்று அடுத்த தடவை தோன்றியது. மருத்துவர் வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

“சரி, ஏறியிருக்கிறது. மருந்து இருக்கிறது,” என்றார் அவர். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கே புரிந்தது. 10.10க்கு விஷ முறிவு மருந்து ஏறத் தொடங்கியது. மருந்துக்குக் கட்டணம் இல்லை. சொட்டுக் குழாய், ஊசி, மற்றவை வெளியே வாங்கிக்கொடுத்தோம், 41,000 கியாட்.

மீனா 12.30க்கு வந்தார். பாலுவின் மனைவி, தையல் வேலை பார்க்கிறார். மா தெய்வா தொலைபேசியில் சொன்னதும் பேருந்துக்காகக் காத்திருக்காமல் டாக்ஸி பிடித்து வந்திருந்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும்.

“மீனா, அந்தக் குறுக்கு வழில போலாம்னு சொன்னது நானுங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு.”

“தெரியும். அவரு சொல்லிட்டாரு.” அவர் கண் என் செருப்பைப் பார்த்தது. மண் காய்ந்து ஒட்டியிருந்தது. “இப்ப உங்ககூட என்னால பேச முடியாது அக்கா. கோவமா இருக்கு. நீங்க போயிடுங்க.”

தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினேன். மூன்றாவது படியில் அவர் கூப்பிட்டார்.

“போகாதீங்க. டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்துட்டே இருக்காங்க. மருந்துக் கடைக்கு ஓட ஆள் வேணும். இருங்க.”

இருந்தேன். ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேலாளர். “சார், ஒருத்தர பாம்பு கடிச்சிருச்சுங்க, ஆஸ்பத்திரில இருக்கேன்,” என்றேன். “உங்களுக்கா?” என்றார். “இல்லைங்க, என்னால,” என்றேன். அவர் ஒன்றும் புரியாமல், நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

4.10க்கு மறுபடி குழாய், மறுபடி இருபது நிமிடம். இந்த முறை சாய்த்தபோது அடியில் ஒரு திட்டு அசையாமல் நின்றது. முழுதாக உறையவில்லை என்று இன்னொரு டோஸ் போட்டார்கள். பாலுவின் கால் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. அன்றிலிருந்து எல்லோருடைய கண்ணும் அவர் படுக்கைக்கு அடியில் தொங்கிய பையின் மேல்தான். விரியன் கடியில் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டாவது நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றேவிட்டது. யாங்கோன் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். நான் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணி வரை நிற்பேன். மீனா என்னிடம் சீட்டைக் கொடுப்பார், நான் மருந்தைக் கொடுப்பேன். வேறு பேச்சில்லை. ஆறாவது நாள் மாலை நான் போனபோது மா தெய்வா வாசலிலேயே நின்றுகொண்டு, “முந்நூறு! இன்னிக்கு முந்நூறு மில்லி!” என்று கத்தினார். ஒரு மனிதன் மூத்திரம் பெய்ததற்கு மூன்று பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை அந்த வராந்தா முதல் முறையாகப் பார்த்திருக்காது என்று நினைக்கிறேன். மூன்று பெண்கள் என்றேன். மீனாவும் அதில் உண்டு. அழுது முடித்ததும் கையை உருவிக்கொண்டார்.

பதினான்காவது நாள் பாலு வீட்டுக்கு வந்தார். பினாங்கு காகிதம் இன்னும் வரவில்லை. இப்போதைக்குக் கடை திறந்து, காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்துக்கொண்டு போன்களைப் பிரிக்கிறார். திருப்பூருக்கு நான் எழுதிய பதில்: ஒரு வருடம் வேண்டாம், ஏப்ரல் வரை போதும். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் விமானச் சீட்டைப் பற்றி நினைக்கவே கூசியது. அவர் நடப்பதைப் பார்க்காமல் கிளம்ப முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

இனி, இந்த நடைக்கு வர நினைப்பவர்களுக்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். அறுவடையும் அப்போதுதான், விரியனும் அப்போதுதான். கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் வயல் பக்கம் இறங்காதீர்கள். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் ரப்பர் பூட்ஸ் 18,000 கியாட்டுக்குக் கிடைக்கிறது. அழகாக இருக்காது. வண்டிப் பாதையை விட்டு விலகாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். ஆளைப் படுக்க வைத்து, காலை அசையாமல் கட்டி, கிடைத்த வண்டியில் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடித்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். பாஸ்போர்ட்டும் அதன் நகல் இரண்டும் கையில் இருக்கட்டும், பாலத்தருகே கேட்பார்கள். செல்போன் சிக்னல் வயல் நடுவே விட்டு விட்டுத்தான் வரும். பர்மிய மொழியில் ‘உதவி செய்யுங்கள்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டு வாருங்கள். இங்கே இரண்டு வருடம் இருந்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தமிழில் கத்தியதைக் கேட்க ஆள் இருந்தது என் அதிர்ஷ்டம். ஒரு நாள் செலவு, போக வரப் பேருந்து, காலை உணவு, பீர் ஸ்டேஷன் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20,000 கியாட்டுக்குள் முடிந்துவிடும்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு மறுபடி தன்லியின் போனோம். அன்றைக்கு விட்டுப்போன நடையை முடிக்க வேண்டும் என்று மா தெய்வா பிடிவாதம் பிடித்தார். பாலுவுக்கு மூன்று மாதம் நீண்ட நடை கூடாது. அவர் நேராகப் பீர் ஸ்டேஷனுக்கு வந்து எங்களுக்காக மேசை பிடித்து வைப்பதாக ஏற்பாடு. கடை வாசலுக்குக் காலை ஆறு மணிக்குப் போனால், அங்கே மீனா நின்றார். காலில் புது ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேருந்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.

செம்மண் பாதையில் இறங்கியதும்தான் தெரிந்தது, அவர் என்னைவிட வேகம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். குளத்தடிக்கு வந்தபோது மற்றவர்கள் முந்நூறு மீட்டர் பின்னால் இருந்தார்கள். ஊ ராஜூவின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

“எந்தப் பக்கம்?” என்றார் மீனா.

இடப்பக்கம். எனக்குத் தெரியும். “மா தெய்வா வரட்டுமுங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயலைப் பார்த்தார். அறுவடை முடிந்து, தாள் மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. “அந்த எடம் எது? காட்டுங்க.”

“அவங்க எல்லாம் வந்ததும் காட்டறேன்.”

ஊ ராஜூ அந்த முந்நூறு மீட்டரைக் கடக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார். நாங்கள் குளக்கரையில் நின்றோம். நடுவில் மீனா பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.